பீரங்கி கையெழுத்துப் போடவில்லை

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று பீரங்கி வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டான்.

போன சீசனில் இருபத்திரண்டு கோல் அடித்து அந்தப் பட்டப்பெயர் வாங்கிய ஆட்டக்காரன். அவன் இல்லாத கால்பந்து அணி, ஊசியைத் தொலைத்த தையல்காரன் மாதிரி தவித்தது. ஐந்து வாரத்தில் நாலு தோல்வி, ஒரு டிரா. அந்த டிராவும் மழையின் புண்ணியம்.

எங்கே பார்த்தாலும் இதே பேச்சுதான். பெரிய மனுஷனுக்குக் காசு போதவில்லையாம். காய்கறிக்காரர்கூடத் தராசைப் பிடித்தபடியே அவன் மனைவியிடம் சொல்லிக் காட்டினாராம்.

அதிகமாகக் கொதித்தவர் கோல்கீப்பர். வயது முப்பத்தாறு, முழங்காலில் ஆபரேஷன் ஆனவர். எதிர்ப்பக்கம் போய்க் கோல் அடிக்க ஆளில்லாததால் பந்து முழுக்க இவர் பக்கமே குடியிருந்தது. வீட்டில் சின்ன மகள், "இன்னைக்கு எத்தனைப்பா?" என்று பரீட்சை மார்க் கேட்பது போலக் கேட்க ஆரம்பித்தாள்.

ஆறு கோல் வாங்கிய அன்று, பத்திரிகைக்காரர்களிடம் மனதில் இருந்ததைக் கொட்டிவிட்டார். பத்துப் பேர் வயிற்றில் அடித்து ஒருத்தன் தன் பையை நிரப்பப் பார்க்கிறான் என்றார். மறுநாள் அதுவே தலைப்பு. பீரங்கி பதிலுக்கு ஒரு வார்த்தை பேசவில்லை.

திங்கட்கிழமை கிளப் செயலாளர் கோல்கீப்பரைக் கூப்பிட்டனுப்பினார். வாய் நீண்டதற்கு வசவு காத்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டே போனார்.

செயலாளர் சிரித்த முகமாக உட்கார வைத்தார். பீரங்கி விஷயம் முடிந்தது, சனிக்கிழமை ஆடுகிறான் என்றார்.

"கடைசியில எவ்வளவு ஏத்திக் கொடுத்தீங்க சார்?"

"ஒரு காசுகூட இல்ல. நாங்களா ஏத்தித் தர்றோம்னோம். வேண்டாம்னுட்டான்."

"அப்புறம் எதுக்கு அஞ்சு வாரம் அடம் பிடிச்சான்?"

செயலாளர் சற்றுச் சங்கடத்தோடு ஒரு காகிதத்தை அவர் பக்கம் நகர்த்தினார்.

"உங்க ஒப்பந்தம் இந்த மாசத்தோட முடியுது. முழங்காலைச் சொல்லி உங்களை அனுப்பிடலாம்னு முடிவு பண்ணியிருந்தோம். அது அவனுக்குத் தெரிஞ்சுபோச்சு. உங்க காதுக்கே எட்டக்கூடாதுன்னான். இது உங்களுக்கு இன்னும் ரெண்டு வருஷம். படிச்சுப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்க. நீங்க போட்டதைக் கண்ணால பார்த்தப்புறம்தான் தன்னோடதுல போடுவேன்னு வெளியில நிக்கிறான்."