ரெட்ரோ பெட்டியில் ஒரு புதுத் தட்டு

சிட்னி ரோடு டிராம் மணியடித்துக்கொண்டு போகிறது. டார்க்கோவின் கடைக் கண்ணாடி ஒருமுறை அதிர்ந்து அடங்குகிறது. மாலை வெயில் 'ரெட்ரோ' என்று எழுதி ஒட்டிய மரப்பெட்டியின் மேல் சாய்ந்து கிடக்கிறது. பெட்டியின் ஒரு பாதியில் பழைய வீடியோ கேம்கள், மறு பாதியில் இசைத்தட்டுகள். அவற்றுக்கு நடுவே, போன வெள்ளிக்கிழமைதான் வெளிவந்த தன் தட்டைப் பார்த்துவிட்டு நிற்கிறாள் பாடகி பிரான்வின். பதினோரு வருடங்களுக்குப் பிறகு அவள் போட்ட தட்டு; காலையில் அவளே கொண்டுவந்து கொடுத்தது. மேலே சுற்றிய பிளாஸ்டிக்கூடப் பிரியவில்லை.

"யோவ் டார்க்கோ, இது புதுசுய்யா! இதை ஏன் இங்க போட்ட?"

கல்லாவுக்குப் பின்னால் காபியை ஊதிக் குடிக்கிறான் டார்க்கோ. "உன் பேரு எழுதின பிரிப்பு அட்டை அந்தப் பெட்டியிலதானே இருக்கு? உன் முதல் தட்டு வந்து இருபது வருஷம் ஆச்சு. இருபது தாண்டுனா ரெட்ரோ, நாப்பது தாண்டுனா கிளாசிக். கேமுக்கும் அதே கணக்குதான்."

"தட்டுக்கு வயசு பாருய்யா, எனக்குப் பார்க்காத!"

"கத்தாதம்மா. ரெட்ரோன்னாதான் சனங்க எடுக்குறாங்க."

அவன் சொல்லி வாய் மூடவில்லை, துணிப்பை மாட்டிய ஒரு பெண் பெட்டியைப் புரட்டி அந்தத் தட்டையே எடுக்கிறாள். பிரான்வின் மூச்சைப் பிடித்துக்கொள்கிறாள். அந்தப் பெண் உறையைத் திருப்பி, கீழே பொடி எழுத்தில் இருக்கும் வருடத்தைப் படிக்கிறாள்.

"ச்சே, இந்த வருஷமா!"

இருந்த இடத்திலேயே செருகிவிட்டு, பக்கத்திலிருந்த கேமோடு கல்லாவுக்கு நடக்கிறாள். டார்க்கோ காபிக் கோப்பைக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்கிறான். பிரான்வின், தட்டோடு தன் பெயர் அட்டையையும் பிடுங்கிக்கொண்டுபோய் 'புதுவரவு' அடுக்கில் குத்தி நிறுத்துகிறாள். வெயில் அந்தப் பக்கம் எட்டவில்லை.