சோற்றுப் பானைக்குப் பூட்டு

“பூட்டு எங்கடி?”

மானாம்பதி பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே அடுப்பங்கரைக்குள் நுழைந்த செல்லாயி, தம்பி மனைவி சுலோச்சனாவிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

“இன்னா பூட்டு அண்ணி?”

“சோத்துப் பானைக்குப் போடுற பூட்டு. நைனா கதையில எழுதிக்கீறாரே!”

செல்லாயி கையில் ‘அந்திப்பூ’ சுருண்டு கிடந்தது. வயசானவர்களுக்கென்றே பட்டணத்திலிருந்து வரும் மாதப் பத்திரிகை. அதில் அவள் அப்பா ‘உத்திரமேரூர் முனிரத்தினம்’ என்ற பெயரில் கதை எழுதுகிறார். இந்த மாதக் கதையில் ஒரு மருமகள், மாமனார் எடுத்துத் தின்றுவிடுவார் என்று சோற்றுப் பானைக்குப் பூட்டுப் போட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்கிறாள்.

“எங்க ஊரு ரைஸ் மில்லுல நெல்லு அரைக்க வந்த சனம் பூரா குந்திக்கினு கேக்குது. ஒருத்தி சத்தமா படிக்கிறா. அல்லாரும் என்னியே திரும்பித் திரும்பிப் பாக்குறாங்க. எம் மானம் போவுது!”

“அது கதை அண்ணி.”

“நெருப்பில்லாம பொகையுமா? போன மாசம் மாமனாரு கட்டில கொட்டுற மழையில தூக்கி வெளிய போட்டியே, அதுவும் கதையா?”

“போன மாசம் மழையே பெய்யலியே அண்ணி.”

“வாயப் பாரு!”

செல்லாயி பானையைத் தூக்கிப் பார்த்தாள். அரிசி டின்னுக்குள் கையை விட்டுத் துழாவினாள். பூட்டு அகப்படவில்லை. அதனால் சந்தேகம் தீர்ந்ததா என்றால், இன்னும் கெட்டியாகிவிட்டது.

“நான் வர்றது தெரிஞ்சி ஒளிச்சி வெச்சிட்ட.”

சத்தம் கேட்டுத் தெரு கூடிவிட்டது. கோயிலில் சுண்டல் என்றால்கூட நம் ஜனம் இவ்வளவு சீக்கிரம் வராது. எதிர்வீட்டுத் தாயாரம்மாள் வெறுங்கையோடு வரவில்லை, தட்டில் அடையோடு வந்தாள். கதைகள் வர ஆரம்பித்த நாளிலிருந்து அவள் வீட்டுப் பலகாரம் முனிரத்தினத்துக்குத் தவறாமல் வந்துகொண்டிருந்தது. அவரும் பாவம், வேண்டாம் என்று சொல்லி அவள் மனசைப் புண்படுத்தியதே இல்லை.

“நல்லா நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி கேளு செல்லாயி! வாயில வெரல வெச்சா கடிக்கத் தெரியாதவ மாதிரி நிக்கிறா பாரு!”

முனிரத்தினம் தடித்த கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே உள்ளேயிருந்து வந்தார்.

“செல்லாயியா? எப்பம்மா வந்த?”

“துணிமணிய எடுத்துக்க நைனா. எங்கூட வந்துடு. நீ இந்த வூட்டுல கஷ்டப்பட்டுக்கினு கெடந்தது போதும்.”

சுலோச்சனாவின் முகம் வெளுத்துவிட்டது. மாமனாரை மகள் வந்து அழைத்துக்கொண்டு போனாள் என்று ஒரு தடவை ஆகிவிட்டால், அப்புறம் அவள் தண்ணீர்க் குடத்தோடு அந்தத் தெருவில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது. சாகிறவரைக்கும் பானையைப் பூட்டினவள்தான்.

“இல்லம்மா, இதுல ஒரு சமாச்சாரம் கீது” என்று ஆரம்பித்தார் முனிரத்தினம். “அந்தக் கதைய உண்மையில...”

“மாமா!” சுலோச்சனா குறுக்கே வெட்டினாள். “நீங்க ஒண்ணும் சொல்லத் தேவையில்ல.”

“பாத்தீங்களா! பெத்த பொண்ணுகிட்டகூட பேச வுட மாட்றா!” என்றாள் தாயாரம்மாள்.

தெரு ‘ச்சு’ கொட்டியது.

முனிரத்தினம் மருமகள் நின்ற பக்கம் திரும்பினார். செருமிக்கொண்டு சொன்னார்:

“நான் எங்கியும் வரலம்மா. இந்த வூட்ட வுட்டு வந்தா எனக்குக் கதையே வராது.”

“கேட்டீங்களா அநியாயத்த!” தாயாரம்மாள் கன்னத்தில் கை வைத்தாள். “பட்டினி கெடந்தாத்தான் கதை வருமாம்! கதை எழுதுறவங்க பொழப்பே பேஜாருதான்.”

செல்லாயிக்கும் உள்ளூர நிம்மதிதான் போலிருக்கிறது. ரெண்டாம் தடவை கூப்பிடவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது சட்டென்று ஞாபகம் வந்தது.

“எங்க நைனாவுக்கு ஒரு கொறை வந்துது, அப்பறம் தெரியும் சேதி” என்று சுலோச்சனாவைப் பார்த்து விரலை ஆட்டிவிட்டுக் கிளம்பினாள். தெருவும் மருமகளைத் திட்டியபடியே கலைந்தது.

சுலோச்சனா கதவைச் சாத்திவிட்டு வந்தாள். முனிரத்தினம் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்.

“ஏம்மா என்னைச் சொல்ல வுடல? உம் பேரு நின்னிருக்குமே?”

“உங்க பேரு போயிருக்குமே. கண்ணு மங்கிப்போன மனுசன், மருமவ எழுதுறத தம் பேருல போட்டுக்கினாருன்னு இதே தெரு கைகொட்டிச் சிரிக்கும். அத்தை செத்தப்பறம் சோறு தண்ணி எறங்காம சுவத்தைப் பாத்துப் படுத்துக்கினு இருந்தவரு நீங்க. பேரு அச்சுல வந்த அன்னிக்குத்தான் எந்திரிச்சி உக்காந்தீங்க. திரும்பியும் உங்களை அந்த மூலையில பாக்க என்னால முடியாது மாமா.”

அவர் வேட்டி முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“ஆனாலும், நான் சொல்றப்போ மருமவள மகாலட்சுமின்னுதானேம்மா சொன்னேன்?”

“மகாலட்சுமியெல்லாம் போன வேகத்துல திரும்பி வந்துட்டாளே! பத்திரிகைக்காரங்களுக்கு ராட்சசிதான் வேணுமாம்.”

சுலோச்சனா பேனாவைத் திறந்து, காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டாள்.

“சொல்லுங்க மாமா, இந்த வாட்டி உங்கள நான் பட்டினி போடட்டுமா, இல்ல ரெண்டு அடி அடிச்சிடட்டுமா?”