ரெண்டாம் மேஜை

பத்தொன்பதாம் மேஜையில், தூணுக்குப் பின்னால் உட்கார வேண்டியவர், ரெண்டாம் மேஜையில் கல்யாணப் பெண்ணின் அப்பாவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

வேறு யாருமில்லை, அவருடைய கூடப் பிறந்த தம்பி. இருவரும் பேசி எட்டு வருஷமாகிறது. அவர்கள் அப்பா விட்டுப் போன காரை யார் வைத்துக்கொள்வது என்று வந்த தகராறு. கார் ரெண்டே வருஷத்தில் பழைய இரும்புக்குப் போய்விட்டது. தகராறு மட்டும் நல்ல ஓட்டத்தில் இருந்தது.

பெண்ணின் அப்பா எழுந்து, மேடைக்குப் பின்னால் இருந்த நடைக்கு டிசைனரைக் கூப்பிட்டார்.

வசதியான வீட்டுக் கல்யாணம் என்றால் அந்த டிசைனர் அம்மாதான். பூவும் விளக்கும் மட்டுமல்ல, யார் எங்கே உட்காருவது என்பது வரை அவள் பொறுப்பு. இருபது வருஷமாக அவளைக் கூப்பிட்ட வீடுகளே திரும்பத் திரும்பக் கூப்பிடுகின்றன.

"தம்பியைத் தள்ளி உட்கார வைங்கன்னு எழுதியே கொடுத்தேன். கொடுத்தேனா, இல்லையா?"

"கொடுத்தீங்க சார். தப்பு எங்களோடதுதான். இப்பவே மாத்திடறேன்."

"இப்பவா? முந்நூறு பேர் பார்க்கிறாங்க. இருக்கிற மானத்தையும் வாங்கவா?"

விறுவிறுவென்று போய் அதே நாற்காலியில் உட்கார்ந்தார்.

அடுத்து பெண்ணின் அம்மா வந்தாள். நாலு மேஜைக்குக் கேட்கிற மாதிரி ஆரம்பித்தாள்.

"உங்களை மாதிரி வராதுன்னு எத்தனை பேர்கிட்ட சொல்லியிருப்பேன். இப்படிப் பண்ணிட்டீங்களே. என் வீட்டுக்காரர் முகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

"மன்னிச்சுக்கோங்க மேடம். தப்பு எங்களோடதுதான்."

மூன்றாவதாகத் தம்பி. கை கழுவுமிடத்தில் பிடித்துக்கொண்டார்.

"ஓரமா ஒரு நாற்காலி போதும்னுதானே வந்தேன். என்னைக் கொண்டுபோய் அவர் பக்கத்துல உட்கார வெச்சா என்ன அர்த்தம்?"

"தப்புதான் சார். வேற மேஜைக்கு மாத்தட்டுமா?"

தம்பி ரெண்டாம் மேஜையை எட்டிப் பார்த்தார். "சூப் வெச்சுட்டாங்க. ஆறிடும்," என்று கிளம்பிவிட்டார்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த மேஜைக்காரருக்கு ரத்தம் கொதித்தது. அது கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பேர். டிசைனரை விடப் பதினைந்து வயசு மூத்தவர். மேஜை போட்டுப் பெயரட்டை வைப்பது அவர் வேலை. பதினாலு வருஷத்தில் ஒரு விருந்தாளியைக்கூட இடம் மாற்றி உட்கார வைத்ததில்லை.

"அந்த அட்டையைக் காலையில என் கையால பத்தொன்பதுல வெச்சேன் மேடம். அதுக்குக் கால் முளைச்சு நடந்து வந்துச்சா? நீங்க பாட்டுக்கு எங்க தப்பு, எங்க தப்புன்னா, அது யார் தப்பு? என் தப்பு. ஒரு வார்த்தை எதிர்த்துப் பேச மாட்டீங்களா? நாளையிலேருந்து நான் வரல."

"அட்டையை மாத்தினது நான்தான்," என்றாள் டிசைனர்.



"அடுத்தவங்க குடும்ப விஷயத்துல நீங்க எதுக்கு மேடம் மூக்கை நுழைக்கிறீங்க?"

"பத்து நாளைக்கு முன்னாடி பெண்ணோட அம்மா போன் பண்ணாங்க. 'தம்பியோட பேசணும்னு என் வீட்டுக்காரர் வாய்விட்டுச் சொல்ல மாட்டார். தெரியாம நடந்த மாதிரி ரெண்டு பேரையும் பக்கத்துல உட்கார வெச்சிடுங்க. நான் எல்லார் முன்னாடியும் சத்தம் போடுவேன், மனசுல வெச்சுக்காதீங்க'ன்னாங்க."

மேஜைக்காரர் கொஞ்சம் இறங்கினார். ஆனாலும் கவலை விடவில்லை.

"சரி, அவங்க சொன்னாங்க. சார் அப்படிக் குதிச்சாரே. அந்த வீட்டுல இன்னொரு பொண்ணு இருக்கு மேடம். அந்தக் கல்யாணம் இனிமே நமக்கு வருமா?"

"மறுநாள் சாரும் போன் பண்ணார். அதே விஷயம்தான். 'என் சம்சாரத்துக்கு மட்டும் தெரிய வேண்டாம்'னார்."

மேஜைக்காரர் பக்கத்திலிருந்த காலி நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அப்போ தம்பி?"

"அவர் நேர்லயே வந்தார். 'நானாப் போய்ப் பேசினா இறங்கிப் போன மாதிரி ஆயிடும். அட்டை கிட்டை தவறிப் போச்சுன்னா எனக்கு ஆட்சேபணை இல்ல'ன்னார்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க நினைக்கிறது அப்படியே உங்க முகத்துல தெரியும். அவர் திட்டும்போது நீங்க சிரிச்சிருந்தா எல்லாம் கெட்டிருக்கும். ஆனா சொல்லாதது தப்புதான். இது நிஜமாவே என் தப்பு."

மேஜைக்காரர் எட்டி ரெண்டாம் மேஜையைப் பார்த்தார். அண்ணன் உப்புக் குப்பியைத் தம்பி பக்கம் நகர்த்திக்கொண்டிருந்தார்.

"டாக்டர் உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கார்," என்றார் தம்பி, தட்டைப் பார்த்தபடியே.

"எனக்கும்தான்," என்றார் அண்ணன்.

அதற்குப் பிறகு ரெண்டு பேரும் ஒரே டாக்டரைத் திட்ட ஆரம்பித்தார்கள்.

மேஜைக்காரருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"எனக்கு ஒண்ணுதான் மேடம் புரியல. மத்தவங்களும் இதையேதான் கேட்டாங்கன்னு அவங்ககிட்ட சொல்லியிருந்தா இத்தனை திட்டு வாங்கியிருக்க வேண்டாமே?"

"சொல்லியிருந்தா, யார் முதல்ல இறங்கி வந்ததுன்னு அடுத்த சண்டை ஆரம்பிச்சிருக்கும். இப்ப யாரும் இறங்கி வரல பாருங்க, தப்பு நம்மளோடது."