இருநூற்றுப் பதின்மூன்றாவது வீடியோ

காயத்ரி நாளெல்லாம் மகள் கனிஷ்காவின் இருநூற்றுப் பன்னிரண்டு வீடியோக்களையே பார்த்துக்கொண்டிருப்பாள். இரண்டு வருடங்களுக்கு முன் நீலகிரி மலையில் உள்ள நடுவட்டத்தில் பனிமூட்டத்துக்குள் காணாமல் போனவள் கனிஷ்கா. "கைய உதறிட்டு ஓடிட்டா" என்று கணவன் கீர்த்திவாசன் சொல்லியிருந்தான்.

வீடியோக்கள் அடிக்கடி நின்று நின்று ஓடின. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அவை பதிந்திருந்த கம்ப்யூட்டர் சேமிப்புப் பெட்டியில் அவன் இரண்டாவது கேபிளையும் செருகி, இரண்டும் ஒன்றாகவே வேலை செய்யும்படி அமைத்தான். படம் தடங்கலின்றி ஓடியது. எண்ணிக்கை மட்டும் இருநூற்றுப் பதின்மூன்று என்று காட்டியது.

புதியதைத் திறந்தான். நடுவட்டம் பஸ் நிறுத்தத்தில் கனிஷ்கா நின்றாள். இரண்டு வருட வளர்த்தி தெரிந்தது; பழைய ஸ்வெட்டரின் கை முழங்கைவரை ஏறியிருந்தது.

"இங்கயே நில்லு, ஒரு மணி நேரத்துல வந்தர்றேன்னு அப்பா சொன்னாங்க" என்றாள்.

அதை அழித்தான். மறுநாள் அது மறுபடியும் இருந்தது. ஒரு வாரம் தினமும் அழித்தான்.

எட்டாம் நாள் காயத்ரி சால்வையைப் போர்த்திக்கொண்டு வந்து நின்றாள். "ஏனுங்க, நீங்க அழிக்கறதுக்கு முந்தி தெனமும் நானும் பாத்தேன். நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

அவன் திரையை அணைத்தான். அவள் நடுவட்டம் வழியாகப் போகும் கூடலூர் பஸ் ஏறிப் போனாள்.

மாலையில் புதிய வீடியோ ஒன்று வந்தது. அதே நிறுத்தத்தில் காயத்ரி மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "போலீசுல நெசத்தச் சொல்லுங்க. நாங்க ரெண்டு பேரும் ஊட்டுக்கு வந்தர்றோம்."

கீர்த்திவாசன் வெகுநேரம் யோசித்தான். பிறகு அதை அழித்தான். அது திரும்ப வரவில்லை.

காயத்ரி போன நான்காம் நாள் போலீஸ் நிலையத்துக்குப் போனான். "என் சம்சாரம் சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டாளுங்க சார்" என்றான்.