உள்ளே மட்டும் தெரியவில்லை

"ஊரே பாக்குது, நம்ம கம்பெனி வெப்சைட் நமக்கு மட்டும் திறக்க மாட்டேங்குது! வெக்கமா இல்ல?"

அலுவலக மேனேஜர் போட்ட சத்தத்தில் ஹாலே திரும்பிப் பார்த்தது. நெட்வொர்க்கைக் கவனிக்கும் பெண் எழுந்து நின்றாள்.

"நேத்து ஆபீஸ் நெட்வொர்க்குக்கும் வெப்சைட்டோட பேரையே வெச்சோம் சார். அதனால உள்ளேருந்து அந்தப் பேரைக் கேட்டா, நம்ம சர்வர் வெளியில போய்ப் பாக்காம, இங்கேயே தேடிட்டு 'இல்லை'ன்னு கையை விரிச்சிடுது."

"பேரை மாத்தச் சொன்னது நான்தான். சைட்டைத் தொலைக்கச் சொன்னேனா? காலையில என் மச்சினன் அவன் வீட்டுல சைட்டைப் பாத்துட்டு, 'தைரியமா இருங்க மாமா'ன்னு போன்ல ஆறுதல் சொல்றான். நம்ம மானம் அங்க வரைக்கும் போயிருக்கு!"

"சாயங்காலம் சரி பண்ணிடறேன் சார். அதுக்குள்ள நீங்க ஒருதடவை முதலாளியைப் பாத்துட்டு..."

"எனக்கே புத்தி சொல்றியா?" அவருக்கு உள்ளங்காலில் இருந்து உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது. "இப்பவே சரி பண்ணு. அந்தப் பெரிய திரையில போடு. எல்லாரும் பாக்கட்டும்!"

அவள் பெருமூச்சு விட்டபடி, வெப்சைட் இருக்கும் முகவரியைச் சர்வரில் ஒரு வரியாகச் சேர்த்தாள். திரையில் சைட் பளிச்சென்று திறந்தது.

"பாத்தீங்களா? ஒரு வரி வேலை. இதுக்கு எத்தனை சாக்கு!" என்று எல்லோரையும் பார்த்துக் கேட்டார்.

ஒருவரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் திரையைத் திரும்பிப் பார்த்தார். முதல் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் இருந்தது:

'உடனடியாகப் புதிய அலுவலக மேனேஜர் தேவை. சத்தம் போடாதவர்களுக்கு முன்னுரிமை.'