செண்பகவல்லி என்கிற பெயர்

மேசை மேலிருந்த பேனாவுக்கு ஒரே பெருமை. "எங்க ஐயாவுக்குச் சம்சாரம்னா உயிர். எழுதுற நாவலுக்கெல்லாம் 'செண்பகவல்லி'ன்னு அவங்க பேரைத்தான் புனைபெயராப் போடுறார். இன்னைக்கு அந்தப் பேர் தெரியாத ஆள் உண்டா?" என்றது.

சமையலறையிலிருந்து வந்த குட்டைப் பென்சில், "அம்மாவும் என்னைக் கையில எடுத்து ஒரு கதை எழுதினாங்க," என்றது.

"அடடே! பத்திரிகையில வந்துச்சா?"

"திரும்பி வந்துச்சு. கதை நல்லா இருக்காம். ஆனா செண்பகவல்லிங்கிற பேர்ல ஏற்கெனவே ஒரு பெரிய எழுத்தாளர் இருக்காராம். வேற பேர்ல அனுப்பச் சொல்லிட்டாங்க."

பேனாவின் குரல் இறங்கிவிட்டது. "அந்தப் பேரைப் போட்டதே நான்தானே," என்று முனகியது. பிறகு, "வேற பேர்ல அனுப்பினாங்களா?" என்று கேட்டது.

"அடுப்பை அணைச்சுட்டு ரொம்ப நேரம் யோசிச்சாங்க. அவங்ககிட்ட இருந்தது அந்த ஒரு பேருதான்."