புதுச் சட்டை

நன்கொடையில் நடக்கும் அந்தப் பத்திரிகை, வீட்டில் அடிபட்டு மீட்கப்பட்ட பிள்ளைகளுக்காகவே வெளிவந்தது. அவர்கள் தங்கும் எல்லா விடுதிகளுக்கும் இலவசமாகப் போனது. அதன் புகைப்படக்காரர் ஒரு விடுதிச் சிறுமியிடம் புதுச் சட்டையை நீட்டினார்.

“அந்த ஒட்டுப் போட்ட சட்டையைக் கழட்டிட்டு இதை மாட்டிக்கோம்மா.”

“மாட்டேன் மாமா.”

“உடும்புப் பிடியா இருக்கியே! உன் முகத்தைப் போடக்கூடாது, முதுகுதான் படத்துல வரும். அதுவாவது நல்லா இருக்க வேண்டாமா?”

“முதுகு வரும்னுதான் மாட்டேங்கறேன். அண்ணனை வேற விடுதிக்கு அனுப்பிட்டாங்க. எங்கேன்னு யாரும் சொல்லலை. முதுகுல இருக்கிற இந்த ஒட்டு அவன் தைச்சது. பார்த்தா நான்தான்னு தெரிஞ்சுக்குவான்.”

அவர் புதுச் சட்டையை மடித்து வைத்தார். கேமராவை ஒட்டுக்கு நேராகக் கொண்டுபோய், ‘ஆண்டவா, அவன் கண்ணில் படட்டும்’ என்று வேண்டியபடி பொத்தானை அழுத்தினார்.